மேல்மூச்சு கீழ்மூச்சு: கட்டளை எங்கிருந்து வருகிறது?



இன்றைய பேச்சு மூச்சைப் பற்றியது. தியானத்தில் உட்கார்ந்து இழுத்து நிறுத்தும் மூச்சு அல்ல. நடக்கும்போதும், ஓடும்போதும், படி ஏறும்போதும் நம்மைக் கேட்காமலே வேகமெடுக்கிறதே, அந்த மூச்சு. "இதில் பேச என்ன இருக்கிறது? ஓடினால் மூச்சு வாங்கத்தானே செய்யும்!" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஏன் வாங்குகிறது என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "காற்று பத்தவில்லை, அதனால்தான்."

அந்தப் பதில் சரியா? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

குளுவாங் பக்கம் இருப்பவர்களுக்கு லம்பாக் மலையைத் தெரியாமல் இருக்காது. உயரம் 510 மீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவரைத் தம்பி அழைத்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் ஏறியதும் அக்கா நின்றுவிடுகிறார். இடுப்பில் கை, முகமெல்லாம் வியர்வை.

"நெஞ்சுல காத்தே நிக்கல தம்பி. நீ போய்ட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"இன்னும் கொஞ்சந்தான்க்கா."

"வேணாம் சாமி, செத்துருவேன் போல இருக்கு."

அடுத்த ஞாயிறு அக்கா வரமாட்டார். அதற்கடுத்த ஞாயிறும் வரமாட்டார். "அவங்களுக்கு ஒத்துக்காது" என்று வீட்டில் முடிவாகிவிடும்.

இது சாதாரண விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவருக்கு இனிப்புநீர்! மாத்திரையோடு சேர்த்து டாக்டர்கள் சொல்லும் மருந்து நடை. அந்த நடையை முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவது எது? பல வீடுகளில் அது இந்த மூச்சு வாங்கல்தான். அதைப் பற்றிய பயம்தான்.

காற்று குறையவே இல்லை

கோவிட் காலத்தில் விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அது காட்டும். (பள்ளிப் பிள்ளைகள் உயிர்வளி, கரிவளி என்று படிப்பதைத்தான் பெரியவர்கள் பிராணவாயு, கரியமிலவாயு என்பார்கள்.) நுரையீரலும் இதயமும் நலமாக உள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதில் 97, 98 என்று காட்டும். அதே மனிதர் மலையேறி, மூச்சு இரைக்க நிற்கும்போது மாட்டிப் பார்த்தால்? ஏறத்தாழ அதே எண்தான்!

அப்படியென்றால் அந்த அக்காவின் உடலில் காற்று தீர்ந்துபோகவில்லை. நலமான உடலில், அவர் "காற்றே இல்லை" என்று சொல்லும் அந்த நிமிடத்திலும் இரத்தம் உயிர்வளியால் நிறைந்தே இருக்கும். பிறகு ஏன் இரைக்கிறது?

உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒரு நிமிடத்தில் 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று. ஆக நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர். வேகமாக ஓடும்போது மூச்சு நாற்பது, ஐம்பது முறையாகிறது. ஒவ்வொரு மூச்சும் இரண்டு லிட்டருக்கு மேல் போகிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர்! பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் 150 லிட்டரையும் தாண்டுவார்கள். இவ்வளவு பெரிய ஏற்றத்தை, நாம் நினைக்காமலே, அளவு பிசகாமல் செய்வது யார்?

முகுளத்தில் ஒரு தாளக்காரர்

மூளையின் அடிப்பகுதியில், கழுத்தை ஒட்டி முகுளம் என்ற பகுதி இருக்கிறது. நாம் தூங்கும்போதும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வது இதுதான். அதற்குள் சில ஆயிரம் நரம்பணுக்கள் சேர்ந்த சிறு கூட்டம் ஒன்று, உறுமி மேளத்துக்குத் தாளம் பிடிப்பதுபோல, இழு, விடு, இழு, விடு என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. 1991ஆம் ஆண்டில் இந்த இடத்தைக் கண்டறிந்து சொன்னார்கள். அதன் பெயர் வேடிக்கையானது: ப்ரீ போட்சிங்கர் தொகுதி. அதற்குப் பக்கத்துப் பகுதிக்கு ஜெர்மனியில் நடந்த ஒரு கூட்டத்தில், மேசையில் இருந்த போட்சிங்கர் என்ற திராட்சை மதுவின் பெயரை வைத்திருந்தார்கள். அதை ஒட்டி இருப்பதால் இதற்கு இந்தப் பெயர்.

தாளக்காரருக்கு வேகத்தைக் கூட்டு, குறை என்று யார் சொல்வது? இங்கேதான் பலரும் நினைப்பதற்கு நேர்மாறான செய்தி வருகிறது.

1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஹால்டேன் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆட்கள் ஏன் மூச்சு முட்டிச் சாகிறார்கள் என்று ஆராய்ந்தவர். அவர்கள் கண்டது என்ன? நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் கரிவளி வெறும் 0.2 விழுக்காடு கூடினாலே, சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூச்சு இரண்டு மடங்காகிவிடுகிறது. உயிர்வளியைக் குறைத்துப் பார்த்தால், அது கணிசமாகக் குறைந்த பிறகுதான் மூச்சில் மாற்றம் தெரிகிறது.

அதாவது, மூச்சுக்குக் கட்டளை போடுவது பெரும்பாலும் "உயிர்வளி குறைந்துவிட்டது" என்ற செய்தி அல்ல. "கரிவளி கூடிவிட்டது" என்ற செய்தி!

ஏன் இப்படி? கரிவளி தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும். சோடாவைக் குடித்தால் நாக்கில் சுருக்கென்று ஏறுகிறதே, அதற்கு அதுவும் ஒரு காரணம். இரத்தத்திலும் அப்படித்தான். கரிவளி தங்கினால் இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறும். ஏறினால் உடலின் வேலைகள் எல்லாம் தடுமாறும். ஆகவே முகுளத்தின் பரப்பில் உள்ள உணரிகள் அதை நொடிக்கு நொடி கவனிக்கின்றன.

உயிர்வளியைக் கவனிக்க ஆளே இல்லையா? இருக்கிறது. கழுத்தின் இரு பக்கமும், மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. இதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னைல் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இது இரத்தத்தில் உயிர்வளியின் அழுத்தத்தை அளக்கும் காவல்காரர். ஆனால் சாதாரண நாள்களில் இவர் அதிகம் சத்தம் போடமாட்டார்.

பந்தி போடுவதற்கு முன்பே உலை

கரிவளிதான் எல்லாம் என்று அந்தக் கதை முடிந்திருக்கும். ஆனால் 1913ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஆகஸ்ட் குரோக், லிண்ட்ஹார்ட் என்ற இருவர் ஒன்றைக் கவனித்தார்கள். ஒருவர் மிதிவண்டிப் பெடலை மிதிக்கத் தொடங்கியவுடனே மூச்சு குதித்து ஏறுகிறது. தசையில் உண்டான கரிவளி இரத்தத்தில் ஏறி, இதயம் வழியாக மூளைக்கு வந்து சேரப் பல நொடிகள் ஆகும். அதற்கு முன்பே மூச்சு கூடிவிட்டது!

பள்ளிக் குறுக்கோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் விசில் ஊதியதும் பிள்ளைகள் இரண்டு எட்டுதான் வைத்திருப்பார்கள். அதற்குள் மூச்சு மாறிவிடும்.

இன்னொரு புதிரும் உண்டு. மிதமான வேகத்தில் ஓடும்போது தசைகள் சும்மா இருக்கும்போது ஆக்குவதைப்போல் பத்து மடங்கு கரிவளியை ஆக்குகின்றன. ஆனால் அந்த நேரத்தில் தமனி இரத்தத்தை எடுத்து அளந்தால், கரிவளியின் அளவு ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. வரவு பத்து மடங்கு, செலவும் பத்து மடங்கு. கணக்கு துல்லியமாக நேராகிறது.

நம் கல்யாண வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்வோம். நல்ல தலைமைச் சமையல்காரர், விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து "சோறு எங்கே?" என்று கேட்ட பிறகா உலை வைப்பார்? மாட்டார். அவருக்கு மூன்று பக்கமிருந்து செய்தி வரும்.

முதல் செய்தி, தொலைபேசி அழைப்பு. "மாப்பிள்ளை வீட்டார் பஸ் கிளம்பிடுச்சு" என்றதும் உலை ஏறும். உடலில் இதைச் செய்வது மூளையின் மேல்பகுதி. கால் தசைக்கு "ஓடு" என்று கட்டளை அனுப்பும்போதே, முகுளத்துக்கும் "வேலை வரப்போகிறது" என்று ஒரு நகல் போய்விடுகிறது.

இரண்டாவது செய்தி, மண்டபத்தில் இலை எண்ணுகிறவரிடமிருந்து வரும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் "இங்கே வேலை நடக்கிறது, இவ்வளவு நடக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் தன் காலைத் தானாக அசைக்காமல், இன்னொருவர் பிடித்து அசைத்துவிட்டாலும் மூச்சு சற்றுக் கூடுவதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, ருசி பார்ப்பவர். உப்பு கூடினால், குறைந்தால் அவர் சொல்வார். அதுதான் முகுளத்திலும் கழுத்திலும் உள்ள உணரிகள். முதல் இரண்டு செய்தியால் போட்ட கணக்கில் சிறிது பிசகு இருந்தால், கரிவளியைப் பார்த்து இவர்கள் திருத்துகிறார்கள்.

இந்த மூன்றில் எது எவ்வளவு பங்கு என்பதில் விஞ்ஞானிகள் நூறு ஆண்டுக்குமேல் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் தெளிவு. உடல் பற்றாக்குறை வரும்வரை காத்திருப்பதில்லை. முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது. அந்த ஏற்பாட்டின் சத்தம்தான் நமக்குக் கேட்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு.

பேச முடிகிறதா? பாட முடிகிறதா?

அப்படியானால் மிதமான நடையில் சுகமாக இருக்கும் மூச்சு, வேகம் கூடியதும் ஏன் தாங்க முடியாமல் போகிறது?

ஒரு எல்லைக்கு மேல் தசைகள் லாக்டிக் அமிலத்தின் சேர்மங்களை அகற்றக்கூடியதைவிட வேகமாக ஆக்கத் தொடங்குகின்றன. கூடவே அமிலத்தன்மை ஏறுகிறது. இரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அதைத் தணிக்கும்போது, கூடுதலாகக் கரிவளி பிறக்கிறது. அதையும் சேர்த்து வெளியே தள்ள வேண்டும். அதனால் அந்த எல்லையைத் தாண்டியதும் மூச்சு வேலைக்கு ஏற்றாற்போல் ஏறாமல், திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. லம்பாக் மலையில் அக்காவுக்கு நடந்தது இதுதான். பல ஆண்டு நடக்காதவருக்கு அந்த எல்லை மிகத் தாழ்வாக இருக்கும். தம்பிக்குச் சாதாரண நடை, அக்காவுக்கு ஓட்டப்பந்தயம்!

நூறு மீட்டர் ஓட்டக்காரரைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 'பறக்கும் டாக்டர்' என்று பெயர் எடுத்த மணி ஜெகதீசன், 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றார். நூறு மீட்டர் முடிய ஏறத்தாழ பத்து நொடி. அந்தப் பத்து நொடிக்குத் தேவையான சக்தியின் பெரும்பகுதியைத் தசைகள் உயிர்வளியைக் காத்திருக்காமல் தங்கள் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மூச்சு இரைப்பது எப்போது? ஓட்டம் முடிந்த பிறகு. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் நேரம் அது. ஆகவே நின்ற பிறகும் சில நிமிடம் மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

உங்கள் எல்லை எங்கே இருக்கிறது என்று அறிய மெஷின் வேண்டாம். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேசிப் பாருங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு மூன்று சொல்லுக்குமேல் பேச முடியவில்லை என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். வேகத்தைக் குறைக்க வேண்டும். நிறுத்த வேண்டும் என்பதில்லை, குறைக்க வேண்டும். அந்த அக்கா பத்து நிமிடம் வேகமாக ஏறி உட்கார்ந்ததற்குப் பதில், ஆரம்பத்திலிருந்தே பேசிக்கொண்டே மெதுவாக நடந்திருந்தால் அரை மணி நேரம் நடந்திருப்பார்.

தொடர்ந்து நடந்தால் என்ன ஆகும்? நுரையீரல் பெரிதாகாது. தசைகள் மாறும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடும், தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கூடும். அதே வேகத்துக்குப் பிறக்கும் அமிலம் குறையும். சில வாரத்தில் அதே படி, அதே மேடு, குறைந்த மூச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அவ்வளவுதான்.

உண்மையில் காற்று மெலிந்த இடம்

"மலையில் காற்று கம்மி, அதனால்தான் இரைக்குது" என்று சொல்பவர்களும் உண்டு. தங்காக் பக்கம் இருக்கும் லேடாங் மலை, ஜோகூரிலேயே உயர்ந்தது, 1,276 மீட்டர். அதன் உச்சியில்கூடக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கு. அங்கே இரைப்பதற்குப் பெரும்பாலான காரணம் நம் கால்கள்தான், காற்று அல்ல.

காற்று உண்மையாகவே மெலிந்த இடத்தை நம்மவர்கள் இருவர் பார்த்திருக்கிறார்கள். 1997 மே 23ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகன்தாஸும் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய முதல் மலேசியர்கள் ஆனார்கள். 8,848 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கேதான் கழுத்திலுள்ள அரிசி மணிக் காவல்காரர் வாய் திறந்து கத்துவார். மூச்சு பல மடங்கு ஏறும். ஏறினால் கரிவளி அளவுக்கு மீறி வெளியேறும். உடனே முகுளம் "கரிவளி குறைந்துவிட்டது, மூச்சைக் குறை" என்று எதிர்க்கட்டளை போடும். ஒருவர் வேண்டும் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். சில நாள்களில் பைகார்பனேட்டை வெளியேற்றி, இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. அதன் பிறகே உடல் உயரத்துக்குத் தேவையான மூச்சைத் தடையின்றி விடுகிறது. எவரெஸ்ட் ஏறுபவர்கள் வாரக்கணக்கில் முகாமில் தங்கி, ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகுவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

கணக்கர் பார்க்காத பக்கம்

இவ்வளவு நேரம் இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்தாயிற்று. இனி அதன் குருட்டுப் பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாததால் உயிர்கள் போகின்றன.

முதலாவது, நீச்சல். பையன்கள் குளத்திலோ நீர்வீழ்ச்சித் தடாகத்திலோ "யார் அதிக நேரம் முங்கியிருப்பது?" என்று பந்தயம் வைப்பார்கள். முங்கும் முன் வேகவேகமாகப் பத்து, இருபது மூச்சு இழுத்துவிடுவார்கள். உயிர்வளியைச் சேர்த்துவைக்கிறோம் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் இரத்தம் ஏற்கனவே நிறைந்திருக்கிறது. சேர்ப்பதற்கு அதிகம் இடமில்லை. நடப்பது வேறு. கரிவளி வெளியேறிவிடுகிறது. இப்போது நீருக்குள் நீந்தும்போது உயிர்வளி தீர்ந்துகொண்டே வரும். ஆனால் "மேலே வா, மூச்சு விடு" என்று கத்த வேண்டிய கரிவளி இன்னும் ஏறவில்லை. எச்சரிக்கை வருவதற்கு முன்பே மூளைக்கு உயிர்வளி தீர்ந்து, பையன் நீருக்குள் மயங்கிவிடுவான். சத்தம் இல்லை, போராட்டம் இல்லை. கரையில் நிற்பவர்கள் அவன் இன்னும் முங்கியிருக்கிறான் என்றே நினைப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இது நடக்கிறது. பெற்றோர்கள் இன்றே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது: முங்கும் முன் வேகமூச்சு கூடாது, மூச்சடக்கும் பந்தயமே கூடாது.

இரண்டாவது, புகைமூட்டம். 2013 ஜூன் 23ஆம் தேதி ஜோகூர் மக்கள் மறக்கமாட்டார்கள். சுமத்ராவில் எரிந்த காடுகளின் புகை வந்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746க்கு ஏறியது. 300க்கு மேல் போனாலே ஆபத்து என்பது கணக்கு. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன.

முகுளத்துக்குக் கரிவளியின் கணக்கு தெரியும். காற்றில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. புகையில் ஓடினாலும், "வேலை நடக்கிறது, மூச்சைக் கூட்டு" என்றுதான் கட்டளை போடும். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் புகைக்காற்றை இழுத்தால், மெதுவோட்டக்காரர் ஐம்பது லிட்டர் இழுக்கிறார். அதுவும் வேகமூச்சு வாய்வழி போவதால், மூக்கு செய்யும் வடிகட்டல் கிடைப்பதில்லை. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்துக்கே இறங்குகின்றன. குறியீடு 100-ஐ எட்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான். பெரியவர்களுக்கும் அதே கணக்கைப் பின்பற்றுவதே நல்லது. அன்று வீட்டுக்குள்ளே நடங்கள்.

மூன்றாவது, கார்பன் மோனாக்சைடு. இதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தச் சிவப்பணுவில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கழுத்துக் காவல்காரர் அளப்பது உயிர்வளியின் அழுத்தத்தை, அது குறைவதில்லை. கரிவளியும் ஏறுவதில்லை. ஆகவே மூச்சு முட்டாமலே மனிதர் மயங்குகிறார். ஹால்டேன் சுரங்கத்துக்குள் சிறு பறவையைக் கூண்டில் கொண்டுபோகச் சொன்னது இதனால்தான். மனிதனைவிடப் பறவை முதலில் மயங்கும். அதைப் பார்த்து ஆட்கள் வெளியேறலாம். வெள்ளக் காலத்தில் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது.

எந்த மூச்சுக்குப் பயப்பட வேண்டும்?

மூச்சு வாங்கினால் பயப்படாதீர்கள் என்று சொன்னதை, எல்லா மூச்சு வாங்கலுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடாது. வேலையின் அளவுக்கு ஏற்ற இரைப்பு, நின்றதும் சில நிமிடத்தில் தணியும் இரைப்பு, இவை உடலின் ஏற்பாடு. வேலைக்குப் பொருந்தாத இரைப்பு வேறு.

போன மாதம் சுலபமாக ஏறிய அதே படியில் இந்த மாதம் இரைக்கிறதா? படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? கால் வீங்குகிறதா? ஓடி நின்ற பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா? டாக்டரைப் பார்க்க வேண்டும். கடைசியில் சொன்னது ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது, பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்கத் தேவையில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால், இதயத்துக்கு இரத்தம் குறையும்போது வரவேண்டிய நெஞ்சுவலி வராமல் போகலாம். வலிக்குப் பதில் வெறும் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டுமே வரும். "வலியே இல்லையே, வாயுதான்" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடக்கூடாது. திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் என்றால் உடனே 999.

அதனால்தான் பல ஆண்டு உட்கார்ந்தே இருந்தவர்கள், குறிப்பாக இனிப்புநீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், மலையில் தொடங்குவதற்கு முன் டாக்டரைக் கேட்டுவிட்டு, தாமானின் சமதரையில் தொடங்குவது நல்லது. முதல் வாரம் பத்து நிமிடம். அடுத்த வாரம் பதினைந்து. துணைக்கு ஒருவர், பேசிக்கொண்டே நடக்க. பேச்சு தடைபடும் இடத்தில் நடையைக் குறைக்க வேண்டும். பேச்சு திரும்பியதும் மறுபடி நடக்கலாம்.

அந்த அக்காவிடம் தம்பி சொல்ல வேண்டியது "இன்னும் கொஞ்சந்தான்" என்பதல்ல. "மெதுவா வாங்கக்கா, பேசிக்கிட்டே போவோம்" என்பதுதான். அப்படிச் சொன்னால் அடுத்த ஞாயிறும் அவர் வருவார்.